ஊதா நிறம் வெளுத்தால் கதிர்வீச்சுக்குக் கவசம் ஆகிவிடுமா?

நீண்ட பதிவு. தாவர வேதியியல், மருந்தியல், கதிர்வீச்சு உயிரியல் ஆகிய துறைகளில் முனைவர் பட்ட ஆய்வு செய்வோரையும் அவர்தம் நெறியாளர்களையும் மனத்தில் கொண்டே எழுதுகிறேன். பிற துறையினரும் வாசிக்கலாம். வேண்டிய இடங்களில் விளக்கம் தந்திருக்கிறேன்.

சில வாரங்களுக்கு முன்பு, எங்கள் விடுதியின் உணவகத்தில் பணிபுரியும் ஒருவர் என் அறைக்கு வந்தார். இந்தப் பக்கத்து ஊர்க்காரர். என்னைவிட வயதில் மூத்தவர். ஆயினும் என்னைப் ‘பையா’ என்றே அழைப்பார். அவருடைய அண்ணனுக்கு நாக்கில் புற்றுநோய். அரசு மருத்துவமனையொன்றில் 33 அமர்வுகளாகக் கதிர் சிகிச்சை தருவதாகத் திட்டம். அதில் பாதி முடிந்துவிட்டது. கைப்பேசியில் ஒரு செய்தித்தாள் நறுக்கைக் காட்டினார். ‘கதிர்வீச்சின் தீமையிலிருந்து காக்கும் மூலிகை: பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சாதனை’ என்ற பொருள்பட இந்தியில் தலைப்பு. கீழே புகைப்படம். அதில் இடமிருந்து இரண்டாவதாக நிற்பவன் நான்.

அண்ணனுக்கு அந்த இலையின் சாற்றை இரண்டு வாரங்களாகக் காலையும் மாலையும் கொடுத்துவருகிறார்களாம். அளவைக் கூட்டலாமா என்று கேட்கவே வந்திருந்தார்.

அந்த ஆய்வில் நாங்கள் செய்தது என்ன என்பது எனக்குத் தெரியும். இலையை நிழலில் உலர்த்திப் பொடித்து, மெத்தனாலில் ஊறவைத்துச் சாறு எடுத்தோம். அதை டி.பி.பி.எச். என்னும் ஊதா நிறக் கரைசலில் கலந்து, நிறம் எவ்வளவு வெளுக்கிறது என்று நிறமாலைமானியில் 517 நானோமீட்டரில் அளந்தோம். பிறகு பாக்டீரியாவின் பிளாஸ்மிட் டி.என்.ஏ-வைச் சோதனைக் குழாயில் இட்டு, சாறு சேர்த்தும் சேர்க்காமலும் காமாக் கதிருக்கு உட்படுத்தினோம். அவ்வளவுதான். ஓர் உயிரணுவைக்கூட அந்த ஆய்வு தொடவில்லை. எலியும் இல்லை, மனிதரும் இல்லை. ஆனால் கட்டுரையின் இறுதி வாக்கியம், ‘எனவே இத்தாவரம் கதிர் சிகிச்சை பெறும் நோயாளிகளுக்கும் அணு விபத்துகளில் சிக்குவோருக்கும் பாதுகாப்பு மருந்தாகப் பயன்படக்கூடும்’ என்று முடிந்தது. அப்படி முடிக்கும்படி எனக்கு அறிவுறுத்தப்பட்டது உண்மை. எழுதியது என் கை என்பதும் உண்மை.

சாற்றை உடனே நிறுத்துங்கள், நாளைக் காலையே மருத்துவரிடம் சொல்லுங்கள் என்றேன். அவர் சற்று நேரம் நின்றுவிட்டு, “அப்படியானால் பேப்பரில் வந்தது பொய்யா?” என்று கேட்டார். பொய் என்றும் சொல்ல முடியவில்லை, மெய் என்றும் சொல்ல முடியவில்லை. அன்று சொல்ல இயலாமற்போன விடையையே இங்கே எழுதுகிறேன். தாவரத்தின் பெயரை வேண்டுமென்றே தவிர்க்கிறேன். எழுதினால் நாளை இன்னும் நான்கு வீடுகளில் அதை அரைப்பார்கள்.

என் வாதம் இதுதான். ‘ஆக்சிஜனேற்றத் தடுப்பான், ஆகவே கதிர்வீச்சுப் பாதுகாப்பான்’ என்ற ஒற்றை வாக்கியத்தின்மேல் நம் நாட்டில் ஓர் ஆய்வுத் தொழிலே நடந்துகொண்டிருக்கிறது. அந்த ‘ஆகவே’ தவறு. வேதியியலின்படி தவறு, மருத்துவத்தில் ஆபத்தானதும்கூட. அதை எழுதுவதை நிறுத்த வேண்டியவர்கள், அதை எழுதிப் பட்டம் பெறும் நாம்தான்.

1. ஊதாக் கரைசல் எதைக் காட்டுகிறது?

டி.பி.பி.எச். சோதனையை மார்ஸ்டன் பிளாய்ஸ் 1958இல் ‘நேச்சர்’ இதழில் வெளியிட்டார். எளிமையும் நேர்மையும் கொண்ட சோதனை அது. குறை அதில் இல்லை. டி.பி.பி.எச். ஒரு நிலையான தனியுறுப்பு. வகுப்பறையில் நாம் ஃப்ரீ ராடிக்கல் என்று சொல்லும் வகையைச் சேர்ந்தது. ஆனால் குளிர்பதனப் பெட்டியில் மாதக்கணக்கில் கெடாமல் இருக்கும் அளவுக்குச் சாதுவானது. கதிர்வீச்சு உடலுக்குள் தோற்றுவிக்கும் ஹைட்ராக்சில் தனியுறுப்போ உயிரணுவுக்குள் சில நானோவினாடிகளே வாழ்கிறது. அதற்குள் அருகிலிருக்கும் எதையேனும் தாக்கிவிடுகிறது. கூண்டுக்கிளியைக் கையில் பிடித்துக் காட்டியவன் வல்லூறையும் பிடிப்பான் என்று நாம் சான்றிதழ் எழுதிக்கொண்டிருக்கிறோம்.

தேநீர் அந்தக் கரைசலை வெளுக்கச் செய்யும். காப்பியும் செய்யும். நெல்லிக்காய், மாதுளைத் தோல், கடுக்காய், மாங்கொட்டை என எதை இட்டாலும் வெளுக்கும். ஏனெனில் ஃபீனால் தொகுதி இல்லாத தாவரத்தைத் தேடிப் பிடிப்பதுதான் கடினம். நம் கட்டுரைகளில் ஒப்பீட்டுக்காகப் பெரும்பாலும் எதை வைக்கிறோம்? வைட்டமின் சி. அச்சோதனையில் அது நன்றாகவே தேர்ச்சி பெறுகிறது. அப்படியிருந்தும் அணு உலை விபத்துக்கு வைட்டமின் சி மாத்திரையை மருந்தாக எந்த நாடும் அறிவிக்கவில்லை. அறிந்த பொருளுக்கே செல்லாத தர்க்கம், அறியாத இலைக்கு மட்டும் எப்படிச் செல்லும்?

இதே தன்மையுள்ள ‘ஓராக்’ என்ற அளவீட்டைக் கொண்டு உணவுப்பொருள்களுக்கு எண் கொடுத்துப் பட்டியலிட்டிருந்தது அமெரிக்க வேளாண்மைத் துறை. சோதனைக் குழாயில் கிடைத்த அந்த எண்கள் உடலுக்குள் நிகழும் விளைவைக் காட்டுவதில்லை என்பதாலும், நிறுவனங்கள் அவற்றை விளம்பரத்துக்குத் தவறாகப் பயன்படுத்தின என்பதாலும் 2012இல் அப்பட்டியலையே இணையத்திலிருந்து அது நீக்கிவிட்டது. நாம் இன்னும் அதே எண்களைக் கொண்டு ஆய்வேட்டின் மூன்றாம் இயலை நிரப்பிக்கொண்டிருக்கிறோம்.

2. ஒரு பள்ளிக் கணக்கு

எக்ஸ் கதிரும் காமாக் கதிரும் டி.என்.ஏ-வை இரண்டு வழிகளில் சிதைக்கின்றன. ஒன்று நேரடித் தாக்குதல். மற்றொன்று, உயிரணுவில் நிறைந்துள்ள நீரைப் பிளந்து, அதில் தோன்றும் ஹைட்ராக்சில் வழியாக நிகழ்வது. ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குச் சேதம் இந்த இரண்டாம் வழியில்தான் வருகிறது. ஆக்சிஜனேற்றத் தடுப்பான் பற்றிய நம்பிக்கை முழுவதும் இதைச் சார்ந்தது. நம்பிக்கையின் தொடக்கத்தில் தவறில்லை.

சிக்கல் அடுத்த படியில் வருகிறது. ஹைட்ராக்சில் தோன்றிய இடத்திலிருந்து சில நானோமீட்டர் தொலைவுக்குள் வினைபுரிந்து முடிந்துவிடுகிறது. அதைத் தடுக்க வேண்டிய மூலக்கூறு அந்தச் சில நானோமீட்டருக்குள், கதிர் வருவதற்கு முன்பே நின்றிருக்க வேண்டும். மேலும், ஹைட்ராக்சில் ஏறத்தாழ எல்லாக் கரிமச் சேர்மங்களோடும் உச்ச வேகத்திலேயே வினைபுரிகிறது; இரு மூலக்கூறுகள் ஒன்றையொன்று சந்திக்கும் வேகமே அதன் வினைவேகம். ஆகவே இங்கே ‘ஆற்றல் மிக்க’ தடுப்பான் என்று ஒன்று இருக்க முடியாது. எது அதிகச் செறிவில் இருக்கிறதோ அதுவே ஹைட்ராக்சிலை முதலில் சந்திக்கும்.

இப்போது மஞ்சளின் குர்குமினை எடுத்துக்கொள்வோம். தைவானில் நடந்து 2001இல் வெளியான முதற்கட்ட மருத்துவ ஆய்வில் நாளொன்றுக்கு 8 கிராம் வரை குர்குமின் கொடுத்தார்கள். சமையலில் நாம் சேர்க்கும் மஞ்சள் வழியாக எட்ட முடியாத அளவு அது. அந்த 8 கிராமுக்கு இரத்தத்தில் காணப்பட்ட உச்சச் செறிவு சராசரியாக 1.77 மைக்ரோமோலார். அதே இரத்தத்தில், வெறும் வயிற்றில்கூட, குளுக்கோஸ் ஏறத்தாழ 5 மில்லிமோலார் இருக்கிறது. அதாவது குர்குமினைப்போல் ஏறக்குறைய 2,800 மடங்கு. ஹைட்ராக்சிலோடு வினைபுரியும் வேகத்தில் குர்குமின் பத்து மடங்கு முந்துகிறது என்று தாராளமாக ஒப்புக்கொண்டாலும், குர்குமினிடம் ஒரு ஹைட்ராக்சில் சிக்கும் நேரத்தில் குளுக்கோஸிடம் இருநூற்றுக்கும் மேல் சிக்கியிருக்கும். தனியுறுப்பைப் பிடிப்பதே பாதுகாப்பு என்றால், மஞ்சளை விட்டுவிட்டுச் சர்க்கரைக்குத்தான் விழா எடுக்க வேண்டும்.

உயிரணுவுக்குள் நிலைமை இன்னும் கடினம். அங்கே குளூட்டாதயோன் என்னும் சொந்தக் காவலன் 1 முதல் 10 மில்லிமோலார் வரை ஏற்கெனவே இருக்கிறது. வாய்வழியே சென்று, குடலில் சிறிதளவே உறிஞ்சப்பட்டு, கல்லீரலில் உருமாறி, எஞ்சியது மட்டும் திசுவை அடையும் தாவரப் பாலிஃபீனால் அதனோடு எப்படிப் போட்டியிடும்?

இந்தக் கணக்கைப் போட முனைவர் பட்டம் தேவையில்லை; மோலார் செறிவு தெரிந்த பன்னிரண்டாம் வகுப்பு மாணவர் போட்டுவிடுவார். ஆயினும் நான் பங்கேற்ற கருத்தரங்குகளில் ஒருவரும் இதைக் கேட்டதில்லை. என் முன்னேற்ற மதிப்பீட்டுக் கூட்டத்திலும் கேட்கவில்லை.

3. அப்படியானால் எலிகள் பிழைத்தது எப்படி?

இந்தக் கேள்வி வரும், வரவும் வேண்டும். தாவரச் சாறு கொடுத்த சுண்டெலிகள் பேரளவுக் கதிர்வீச்சிலும் பிழைத்ததாக நம் நாட்டிலிருந்தே பல ஆய்வுகள் வந்துள்ளன. அவற்றை நான் கேலி செய்யவில்லை. மணிபாலில் உமா தேவி குழுவினர் துளசியில் செய்த பணி, இத்துறையில் நிற்கத் தகுந்த ஒன்று. அவர்கள் இலைச்சாற்றோடு நின்றுவிடவில்லை. அதிலிருந்து ஓரியன்டின், வைசெனின் என்னும் இரு ஃபிளேவனாய்டுகளைப் பிரித்தெடுத்து, கதிர்வீச்சுக்கு 30 நிமிடம் முன்பு சுண்டெலியின் வயிற்றறைக்குள் செலுத்தி, பிழைப்பு விகிதத்தை அளந்து 1990களில் வெளியிட்டார்கள். பாதுகாப்பு அளிக்கப் போதுமானதாக அவர்கள் கண்ட அளவு, உடல் எடையில் கிலோவுக்கு 50 மைக்ரோகிராம்.

அந்த எண்ணைச் சற்று உற்றுப் பாருங்கள். ஓரியன்டினின் மூலக்கூறு எடை 448. கிலோவுக்கு 50 மைக்ரோகிராம் என்பது, உடல் முழுவதும் சமமாகப் பரவினால், ஏறத்தாழ 0.1 மைக்ரோமோலார். குளூட்டாதயோனில் பத்தாயிரத்தில் ஒரு பங்குகூடத் தேறாது. எனவே அம்முடிவு மெய்யானால், மெய்யென்றே கொள்வோம், அதற்குக் காரணம் ஹைட்ராக்சிலைப் பிடித்தது அன்று. வேறு ஏதோ ஒன்று. உயிரணுவின் தற்காப்பு மரபணுக்கள் தூண்டப்பட்டிருக்கலாம். எலும்பு மச்சையின் மூல உயிரணுக்கள் தப்பியிருக்கலாம். நாம் எண்ணிப் பாராத வழியாகவும் இருக்கலாம். ஆய்வு தொடங்க வேண்டிய இடமே அதுதான். ‘ஆக்சிஜனேற்றத் தடுப்பான்’ என்ற சொல்லைப் போட்டவுடன் அந்தக் கேள்வி மூடப்பட்டுவிடுகிறது. நல்லதொரு கண்டுபிடிப்புக்குத் தவறான விளக்கம் தந்து நாமே அதை முடமாக்கியிருக்கிறோம்.

இமயமலையின் போடோஃபில்லம் எக்சாண்ட்ரம் இன்னொரு சான்று. பாதுகாப்புத் துறையின்கீழ் தில்லியில் இயங்கும் அணு மருத்துவ நிறுவனம் அதைப் பற்றி நெடுங்காலம் ஆய்ந்து எழுதியுள்ளது. அச்செடியின் தலைமைச் சேர்மமான போடோஃபில்லோடாக்சின், உயிரணுவின் நுண்குழல்களைக் கட்டமைக்கும் டியூபுலின் புரதத்தோடு பிணைந்து உயிரணுப் பிரிவை நிறுத்தும் நஞ்சு. அதிலிருந்து உருவாக்கப்பட்ட எட்டோபோசைடு இன்று புற்றுநோய் மருந்து. உயிரணுப் பிரிவையே நிறுத்தும் பொருளைக் கொண்ட ஒரு செடியை ‘ஆக்சிஜனேற்றத் தடுப்பு மூலிகை’ என்று மட்டும் சொல்லி மாணவருக்குக் கற்பிப்பது எவ்வகை அறிவியல்?

இன்னொரு சங்கடமான உண்மையும் உண்டு. பாக்டீரியாவின் மேலுறையிலிருந்து வரும் எண்டோடாக்சினைச் சிறிதளவு முன்கூட்டியே செலுத்தினால் கதிர்வீச்சுக்கு ஆளான சுண்டெலிகள் கூடுதலாகப் பிழைக்கின்றன என்பது 1950களிலேயே தெரியும். அழற்சி தூண்டும் இன்டர்லூக்கின்-1 தனியாகவே அவ்வாறு காக்கிறது என்று 1986இல் காட்டினார்கள். எனவே முறையாகத் தூய்மை செய்யாத ஓர் இலைச்சாற்றை வயிற்றறைக்குள் செலுத்தும்போது எலி பிழைத்தால், காத்தது இலையா, சாற்றில் கலந்திருந்த பாக்டீரியாக் கழிவா? எண்டோடாக்சின் சோதனை செய்யாதவரை விடை இல்லை. ஊசியாகச் செலுத்திய சாறு எலியின் உடல் வெப்பத்தையோ திசுக்களின் ஆக்சிஜன் அளவையோ குறைத்திருந்தாலும் அது பிழைக்கும். ஆக்சிஜன் குறைந்த உயிரணுவைக் கொல்ல இரண்டரை முதல் மூன்று மடங்கு கதிரளவு வேண்டும் என்பது கதிர்வீச்சு உயிரியலின் முதற்பாடங்களுள் ஒன்று. இவற்றை விலக்கிக் காட்டாத ஆய்வில் 30 நாள்கள் துன்புற்று இறக்கும் எலிகள் வீணாகவே இறக்கின்றன.

4. நோயாளிக்கு நாம் செய்வது என்ன?

இதுவரை சொன்னது ஆய்வகத்துக்குள் அடங்கும் பிழை. இனி வருவது அடங்காது.

கதிர் சிகிச்சை புற்றுக்கட்டியைக் கொல்வதும் பெருமளவு அதே ஹைட்ராக்சில் வழியாகத்தான். அப்படியிருக்க, தனியுறுப்புகளை மெய்யாகவே பிடிக்கும் ஒரு மூலிகை கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொண்டால், அது நல்ல திசுவை மட்டும் காத்துப் புற்றுக்கட்டியைக் கைவிடும் என்று யார் உறுதி தந்தார்கள்? நம் கட்டுரைகள் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தாக வேண்டும். சாறு வேலை செய்யவில்லையென்றால் நோயாளிக்குப் பயனில்லை. வேலை செய்கிறதென்றால், கட்டியையும் காக்கிறதா என்று பார்க்காமல் அதை நோயாளிக்குப் பரிந்துரைப்பது குற்றம்.

இது கற்பனை அச்சம் அன்று. கனடாவின் கியூபெக்கில் தலை, கழுத்துப் பகுதியில் தொடக்கநிலைப் புற்றுநோய்க்குக் கதிர் சிகிச்சை பெற்ற 540 பேரிடம் ஓர் ஆய்வு நடந்தது. அவர்களைச் சீட்டுக் குலுக்குவதுபோல் இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு வைட்டமின் ஈ கொடுத்தார்கள். தொடக்கத்தில் சேர்ந்தவர்களுக்கு அதனோடு பீட்டா கரோட்டினும் தரப்பட்டது. மற்றப் பிரிவுக்கு வெற்று மாத்திரை. 2005இல் முடிவுகள் வெளிவந்தன. கதிர் சிகிச்சையின் கடுமையான உடனடிப் பக்கவிளைவுகள் மாத்திரை உண்டவர்களுக்குக் குறைந்திருந்தன. அத்தோடு நிறுத்தியிருந்தால் இன்று அது நம் கட்டுரைகள் அனைத்திலும் மேற்கோளாகியிருக்கும். ஆனால் அவர்கள் தொடர்ந்து கண்காணித்தார்கள். மாத்திரை உண்ட காலத்தில் புதிதாக இன்னொரு புற்று தோன்றுவது அப்பிரிவினரிடம் மிகுந்திருந்தது. 2006இல் வந்த தொடராய்வில், வைட்டமின் ஈ பிரிவில் ஒட்டுமொத்த இறப்பு 38 விழுக்காடு கூடுதல் என்று தெரிந்தது. வாய்ப்புண் குறைந்தவர்கள் கூடுதலாக இறந்தார்கள்.

தலை, கழுத்துப் புற்று. உணவகத்து நண்பரின் அண்ணனுக்கு இருப்பது அதே வகை. புகையிலையும் பாக்கும் மெல்லும் நம் நாட்டில் ஆண்களிடையே மிகுதியாகக் காணப்படும் புற்றுநோய்களில் அதுவும் ஒன்று.

இதற்கு முன்பும் பாடம் கிடைத்திருக்கிறது. பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேரிடம் நடந்த ஆய்வில், பீட்டா கரோட்டின் உண்டவர்களுக்கு நுரையீரல் புற்று 18 விழுக்காடு கூடியது என்று 1994இல் அறிவித்தார்கள். அமெரிக்காவில் நடந்த அதையொத்த ஆய்வை, 28 விழுக்காடு கூடுதல் கண்டதும் 1996இல் பாதியிலேயே நிறுத்தினார்கள். கேரட்டின் நிறமிக்கே இந்த நிலை.

‘தனிச் சேர்மம் வேறு, முழுத் தாவரச் சாறு வேறு, அதில் எல்லாம் இணைந்து செயல்படும்’ என்பார்கள். இருக்கலாம். ஆனால் அதை ஆய்ந்து காட்டும் பொறுப்பு அப்படிச் சொல்பவருக்கே உரியது. தாவரத்தைப் புகழும்போது ‘ஆக்சிஜனேற்றத் தடுப்பான்’ என்ற பொதுப்பெயரில் மறைந்துகொள்வது, அப்பொதுப்பெயரின் மருத்துவ வரலாற்றை எடுத்துக்காட்டினால் ‘எங்கள் இலை வேறு’ என்று விலகிக்கொள்வது, இரண்டும் சேர்ந்து செல்லாது.

சிறிய ஆய்வுகளின் மயக்கத்துக்கும் ஒரு சான்று. மார்பகப் புற்றுக்குக் கதிர் சிகிச்சை பெறுவோரின் தோல் அழற்சியைக் குர்குமின் குறைப்பதாக 2013இல் 30 பேரைக் கொண்ட ஆய்வு சொன்னது. அதே குழுவினர் பிறகு 686 பேரிடம் அதைச் சோதித்து, பயனில்லை என்று 2018இல் வெளியிட்டார்கள். தம் முடிவைத் தாமே பெரிய அளவில் சோதித்து, தோற்றதையும் அச்சிட்ட அந்த நேர்மையை நான் மதிக்கிறேன். நம்மிடையே 30 பேர் ஆய்வோடு செய்தியாளர் கூட்டம் நடந்திருக்கும்.

5. விபத்தில் சிக்கியவருக்கு?

நம் முன்னுரைகளில் தவறாமல் வரும் இன்னொரு வாக்கியம், அணு விபத்துக்கும் பயங்கரவாதத்துக்கும் எதிரான ஆயத்தம் பற்றியது. 2010 ஏப்ரலில் தில்லியின் மாயாபுரியில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். பல்கலைக்கழக ஆய்வகமொன்றில் பயன்பாடு முடிந்த காமாக் கருவி ஏலத்தில் பழைய இரும்பாகப் போய், அதிலிருந்த கோபால்ட்-60ஐ அறியாமல் பிரித்தார்கள். ஒருவர் இறந்தார், பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். தாம் கதிர்வீச்சுக்கு ஆளானதே அவர்களுக்குத் தோல் கருத்து, முடி உதிர்ந்த பிறகுதான் தெரிந்தது. ‘கதிர்வீச்சுக்கு 30 நிமிடம் முன்பு வயிற்றறைக்குள் செலுத்துக’ என்னும் நம் செய்முறை அந்தப் பழைய இரும்புக் கடைக்காரருக்கு எவ்வகையில் உதவியிருக்கும்?

உண்மையில் பயன்பாட்டுக்கு வந்தவை எவை? கதிரியக்க அயோடினுக்குப் பொட்டாசியம் அயோடைடு. சீசியத்துக்குப் பிரஷ்யன் நீலம். எலும்பு மச்சைச் சேதத்துக்கு, வெள்ளணுக்களைப் பெருக்கும் ஃபில்கிராஸ்டிம். 2015இல் அமெரிக்காவில் இதற்கென ஒப்புதல் பெற்றது, கதிர்வீச்சுக்குப் பின்னரும் கொடுக்கத்தக்கது. இவற்றுள் ஒன்றுகூட ஊதாக் கரைசலில் தேர்வெழுதி வரவில்லை. கதிர் சிகிச்சையில் வாய் வறட்சியைக் குறைக்க 1999இல் ஒப்புதல் பெற்ற அமிஃபோஸ்டினின் கதையும் படிக்கத்தக்கது. 1949இல் சிஸ்டீன் எலிகளைக் காப்பதை ஹார்வி பாட் கண்டார். அதன்பின் அமெரிக்க இராணுவத்தின் வால்டர் ரீடு நிறுவனம் 4,000க்கும் மேற்பட்ட சேர்மங்களைச் சலித்தெடுத்தது. அரை நூற்றாண்டு உழைப்பில் மிஞ்சிய அந்த மருந்தும் குமட்டலும் இரத்த அழுத்தச் சரிவும் தருவதால் அளவாகவே பயன்படுகிறது. இவ்வளவு கடினமான பாதையை நாம் ஒரு பருவத்தில், ஒரு நிறமாலைமானியில் கடந்துவிட்டதாக எழுதுகிறோம்.

6. ‘நம் மரபை இழிவுபடுத்துகிறாயா?’

இல்லை. ஆயுர்வேதமும் சித்தமும் தாம் கண்ட நோய்களுக்குத் தம் முறையில் மருந்து சொன்னவை. எக்ஸ் கதிரை ரான்ட்கன் கண்டது 1895இல். அந்நூல்கள் சொல்லாத ஒன்றை அவற்றின் வாயில் திணித்து, ‘முன்னோர் அறிந்திருந்தனர்’ என்று கட்டுரையின் முதற்பத்தியில் எழுதுவதுதான் அவற்றுக்கு இழிவு.

மரபை மதிப்பது எப்படி என்பதற்கு முன்மாதிரி நம்மிடமே உண்டு. சர்ப்பகந்தி என்னும் பாம்புக்களாவின் வேரிலிருந்து சலிமுஸ்ஸமான் சித்திகி 1931இல் தில்லியில் அஜ்மாலினைப் பிரித்தெடுத்தார். அதே வேர் உயர் இரத்த அழுத்தத்தைக் குறைப்பதை ருஸ்தம் ஜால் வக்கீல் பம்பாயில் நோயாளிகளிடம் கவனமாக அளந்து, 1949இல் பிரிட்டிஷ் இதயவியல் இதழில் வெளியிட்டார். உலகம் ஏற்றுக்கொண்டது. அவர்கள் வேரை நோயாளியின் இரத்த அழுத்தமானியில் சோதித்தார்கள். நாம் இலையைக் கண்ணாடிக் குழாயில் சோதித்துவிட்டு நோயாளியைப் பற்றி எழுதுகிறோம்.

7. நாம் ஏன் இப்படி எழுதுகிறோம்?

காரணம் எல்லோருக்கும் தெரியும். டி.பி.பி.எச். மலிவு, ஒரு மாலையில் முடிந்துவிடும். விலங்காய்வுக்கு நெறிக்குழுவின் ஒப்புதல் வேண்டும், கதிர்வீச்சுக் கருவிக்கு அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் விதிகள் உண்டு, மருத்துவ ஆய்வுக்கு ஆண்டுகள் ஆகும். ஆய்வேட்டைச் சமர்ப்பிக்குமுன் கட்டுரை வெளியாகியிருக்க வேண்டும் என்று 2016இல் பல்கலைக்கழக மானியக் குழு விதித்த கட்டாயம் 2022 நெறிமுறையில் நீக்கப்பட்டாலும், பல நிறுவனங்கள் அதைத் தம் விதியாகவே வைத்துக்கொண்டிருக்கின்றன. உதவித்தொகை முடியும் தேதி நெருங்குகிறது, வீட்டில் கேட்கிறார்கள். ‘ஒரு தாவரம், ஒரு சாறு, ஒரு கட்டுரை’ என்ற வழி திறந்திருக்கிறது. நானும் அந்த வழியில்தான் வந்தேன். ஆகவே பிறரைக் குற்றஞ்சாட்டும் உரிமை எனக்கு முழுமையாக இல்லை. எனினும் வறுமை ஒரு சோதனையைச் சிறிதாகச் செய்வதற்குக் காரணமாகலாம். சிறிய சோதனைக்குப் பெரிய முடிவுரை எழுதுவதற்குக் காரணமாகாது. முடிவுரையைச் சுருக்கப் பணம் தேவையில்லை.

8. நான் கேட்பவை

ஒன்று: உயிரணுவையோ விலங்கையோ சோதிக்காத கட்டுரையின் தலைப்பில் ‘கதிர்வீச்சுப் பாதுகாப்பு’ என்ற சொல்லே வரக்கூடாது. தேர்வாளர்கள் அதை அடித்துவிட வேண்டும்.

இரண்டு: கொடுக்கும் அளவைத் திசுச் செறிவாகக் கணக்கிட்டு, குளூட்டாதயோனோடு ஒப்பிட்டு ஒரு வரியாவது எழுத வேண்டும்.

மூன்று: எலிக்கு ஊசியாக மட்டும் செலுத்தாமல் வாய்வழியும், கதிர்வீச்சுக்கு முன் மட்டுமன்றிப் பின்னும் கொடுத்துப் பார்க்க வேண்டும். எண்டோடாக்சின் அளவைச் சொல்ல வேண்டும். எந்த எலிக்கு எது கொடுக்கப்பட்டது என்பது கணக்கெடுப்பவருக்குத் தெரியாமல் வைக்க வேண்டும்.

நான்கு: கதிர் சிகிச்சைக்கு உதவும் என்று சொல்ல விரும்புவோர், புற்றுக்கட்டியுள்ள விலங்கில் கட்டி காக்கப்படவில்லை என்று காட்டிய பிறகே சொல்ல வேண்டும்.

ஐந்து: பயனற்ற முடிவுகளையும் ஆய்வேடாக ஏற்க வேண்டும். ‘இவ்விலை காக்கவில்லை’ என்று ஐந்தாண்டு உழைத்துக் காட்டிய மாணவர், ‘காக்கக்கூடும்’ என்று ஒரு மாலையில் எழுதியவரைவிட நாட்டுக்கு நன்மை செய்தவர்.

ஆறு: செய்தியாளருக்குத் தரும் குறிப்பில், ‘இது நோயாளிகளிடம் சோதிக்கப்படவில்லை; சிகிச்சையில் இருப்போர் மருத்துவரைக் கேளாமல் உட்கொள்ள வேண்டாம்’ என்ற வரி இல்லாமல் எந்தப் பல்கலைக்கழகமும் அதை வெளியிடக்கூடாது.

என் பங்குக்கு, எங்கள் கட்டுரையின் இறுதி வாக்கியத்தைத் திருத்தி ஒரு பிழைதிருத்தம் வெளியிட வேண்டும் என்று உடன் எழுதியோர் அனைவருக்கும் கடிதம் அனுப்பியிருக்கிறேன். ஒருவர் ஒப்புக்கொண்டார். ஒருவர், “முதலில் பட்டத்தை வாங்கு” என்றார். மற்றவர்களிடமிருந்து பதில் இல்லை. பதில் வராவிட்டாலும் இதழாசிரியருக்கு எழுதுவேன்.

உணவகத்து நண்பர் மறுநாளே மருத்துவரிடம் சொல்லிவிட்டார். சாற்றை நிறுத்திவிட்டார்கள், சிகிச்சை தொடர்கிறது. இரண்டு வாரச் சாறு நன்மை செய்ததா, தீமை செய்ததா, ஒன்றுமே செய்யவில்லையா என்று அவர் என்னிடம் மறுபடி கேட்டார். தெரியாது என்றேன். அந்தத் தாவரத்தைப் பற்றிக் கட்டுரை எழுதியவன் நான்.

மறுப்பு இருப்பின் எழுதுங்கள். குறிப்பாக, செறிவுக் கணக்கில் பிழை இருந்தால் சுட்டிக்காட்டுங்கள். இதே பதிவில் திருத்திவிடுகிறேன். எங்கள் ஆய்வகத்தின் பெயரையோ நெறியாளரின் பெயரையோ பின்னூட்டத்தில் குறிப்பிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். பேச வேண்டியது ஒருவரைப் பற்றியன்று. நாம் எல்லோரும் எழுதிவரும் அந்த ‘ஆகவே’யைப் பற்றி.